ஓப்பன்பைஎக்ஸெல்: கத்த வேண்டிய இடத்தில் கத்தாத நூலகம்

எக்ஸெல் கோப்பைப் பைத்தானில் படிக்க ஓப்பன்பைஎக்ஸெல் (openpyxl) என்ற நூலகம் போதுமா என்று நண்பர் ஒருவர் கேட்டதால் இதை எழுதுகிறேன். எப்படி நிறுவுவது, எப்படித் திறப்பது எல்லாம் எங்கும் கிடைக்கிறது, விட்டுவிடலாம். சில வருடங்களாக இதோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் என் புகார் ஒன்றே ஒன்றுதான்: தேவையில்லாத இடத்தில் கத்துகிறது, கத்த வேண்டிய இடத்தில் வாயே திறப்பதில்லை.

கோப்பில் வேறு ஷீட்டிலிருந்து பட்டியல் எடுக்கும் ட்ராப்-டவுன் இருந்தால் போதும், திறந்தவுடனே ‘டேட்டா வாலிடேஷன் எக்ஸ்டென்ஷனுக்கு ஆதரவில்லை, அது நீக்கப்படும்’ என்று ஒரு எச்சரிக்கை வரும். ஐயா, நான் படிக்கத்தான் போகிறேன், திரும்பச் சேமிக்கப் போவதில்லை, எனக்கு எதற்கு இது? டீஃபால்ட் ஸ்டைல் இல்லையென்றால் அதற்கும் ஒன்று. லாக் முழுக்க இதுதான்.

இப்போது ஃபார்முலாவுக்கு வருவோம். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் (இன்றைய எக்ஸெல் கோப்பு வடிவம்) என்பது வெறும் ஜிப். பிரித்து ஷீட்டின் எக்ஸ்எம்எல்லைப் பார்த்தால், ஃபார்முலா உள்ள செல்லில் இரண்டு விஷயம் இருக்கும்: ‘எஃப்’ டேகில் ஃபார்முலா, ‘வி’ டேகில் கடைசியாகக் கணக்கிட்ட விடை. அந்த ‘வி’யை எழுதி வைப்பது எக்ஸெல்தான். ஓப்பன்பைஎக்ஸெல் கணக்கே போடாது. படிக்கும்போது ‘டேட்டா ஒன்லி’ என்ற தெரிவைக் கொடுத்தால் இருக்கிற ‘வி’யை எடுத்துத் தரும், அவ்வளவுதான். ஆனால் இதே நூலகத்தால் ஃபார்முலாவை எழுதினால் ‘வி’ காலியாகத்தான் இருக்கும், யாராவது எக்ஸெலில் திறந்து சேமிக்கிற வரைக்கும்.

எங்களுக்கு வந்த அறிக்கை அப்படிப்பட்டதுதான். வேறொரு குழுவின் ஸ்கிரிப்ட் இதை வைத்தே உருவாக்கியது, நடுவில் மனிதக் கை படவே இல்லை. இந்தப் பக்கம் பாண்டாஸ் என்ற அட்டவணை நூலகம் படித்தது (அதுவும் உள்ளே இதே ஓப்பன்பைஎக்ஸெல், ‘டேட்டா ஒன்லி’தான்), மொத்தத் தொகை பத்தி முழுக்கக் காலி, காலியைக் கூட்டினால் பாண்டாஸ் 0 என்கிறது. பிழை வந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், 0 என்பது பார்க்க ஒரு விடை மாதிரியே இருப்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ட்ராப்-டவுனுக்குக் கூப்பாடு போடுகிற நூலகம் ‘இங்கே ஃபார்முலா இருக்கிறது, விடை இல்லை’ என்று ஒரு வரி சொல்லியிருக்கலாமே!

இப்போது நடுவில் லிப்ரே ஆஃபீஸை (எக்ஸெல் போலவே கணக்கிடும் இலவச மென்பொருள்) திரையில்லாமல் ஓடவிட்டு, கோப்பைக் கணக்கிட்டுச் சேமிக்க வைத்து, அப்புறம்தான் படிக்கிறோம். சந்தேகமான கோப்பு என்றால் இரண்டு முறை திறப்பேன், ஒன்று ஃபார்முலாவோடு, ஒன்று ‘டேட்டா ஒன்லி’யோடு, இரண்டையும் ஒப்பிட. அப்படித் திறந்த இரண்டாவதைத் தப்பித்தவறிச் சேமித்துவிடாதீர்கள், ஃபார்முலா எல்லாம் போய்விடும்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். ஃபார்முலாவைக் கணக்கிட மாட்டோம் என்று ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். எக்ஸெலின் நூற்றுக்கணக்கான ஃபங்ஷன்களைத் திரும்ப எழுதச் சொல்லி யாரைக் கேட்பது, அது தனியாக ஒரு திட்டம். செல்லின் நிறம், கமெண்ட், இணைத்த செல்கள் என்று கேட்டதெல்லாம் எடுத்துத் தருகிறது. முழுசாகத் திறந்தால் கோப்பைப் போலச் சுமார் 50 மடங்கு மெமரி பிடிக்கும் என்று அவர்களே சொல்கிறார்கள், ஆனால் ‘ரீட் ஒன்லி’யில் வரிவரியாகப் படித்தால் பெரிய கோப்பும் படுத்தாமல் ஓடும். 2020 கடைசியில், அதுவரை எக்ஸெல் படிக்கப் பலரும் பயன்படுத்திய எக்ஸ்எல்ஆர்டி நூலகத்தின் 2.0 வந்து, பழைய எக்ஸ்எல்எஸ் தவிர மற்றதையெல்லாம் கைவிட்டு ஊரெல்லாம் நிரல் உடைந்தபோது, எல்லாரும் ஓடி வந்து நின்றது இங்கேதான்.

இத்தனையும் சொல்லிவிட்டு என் பதில்: படிக்க மட்டும் என்றால் இது வேண்டாம், காலமைன் என்ற நூலகத்தைப் போடுங்கள். ரஸ்ட் மொழியில் எழுதியது, வேகம், 2024இல் வந்த பாண்டாஸ் 2.2 முதல் எக்ஸெல் படிக்கும் எஞ்சின் பெயரை மாற்றினால் போதும். அதுவும் கணக்குப் போடாது, அதே ‘வி’யைத்தான் எடுக்கும், தெரியும். ஆனால் அதன் மேல் எனக்கு இன்னும் கோபம் வரவில்லை.