மைக்ரேனா, மினி ஸ்ட்ரோக்கா: வந்த வேகத்தைக் கேளுங்கள்

பேசிக்கொண்டிருந்தவருக்கு நாக்கு தடுமாறுகிறது. ஒரு பக்கக் கை மரத்துப்போகிறது. கண்ணில் ஏதோ மறைக்கிறது. அரை மணி நேரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. இது மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலிக்கு முன்னால் வரும் ‘ஆரா’வாக இருக்கலாம். மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் தடைபடுவதால் வரும், மினி ஸ்ட்ரோக் என்கிற டிஐஏவாகவும் இருக்கலாம். நம் வீடுகளில் இதற்கு மூன்றாவதாக ஒரு பெயரும் உண்டு: பித்தம். எலுமிச்சைச் சாறு குடித்து, நெற்றியில் சுக்குப் பத்துப் போட்டு, இருட்டறையில் படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்பார்கள். மைக்ரேனாக இருந்தால் சரியாகியும் விடும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. டிஐஏவும் தானாகவே சரியாகிவிடும்.

இந்த அலசல் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். பிரித்தறிய முடியாதபோது ஸ்ட்ரோக் பக்கமே சாய வேண்டும். மைக்ரேனை ஸ்ட்ரோக் என்று நினைத்து ஓடினால் ஒரு நாள் கூலியும் ஸ்கேன் செலவும் போகும். ஸ்ட்ரோக்கை மைக்ரேன் என்று நினைத்துப் படுத்தால் வலது கையோ பேச்சோ போகும். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொலுசு பற்றவைக்கிற கைக்கும், அம்மாப்பேட்டைத் தறியில் இழை முடிகிற விரலுக்கும் அது சின்ன நஷ்டமில்லை.

எல்லோரும் அறிந்தவற்றை வேகமாகக் கடந்துவிடுவோம். துடிக்கும் வலி, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் ஆகாமை, அம்மாவுக்கோ அக்காவுக்கோ இதே தொல்லை இருப்பது எல்லாம் மைக்ரேன் பக்கம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, புகைப்பழக்கம், தாறுமாறாக அடிக்கும் நாடி எல்லாம் டிஐஏ பக்கம். ‘தலைவலி இருந்தால் மைக்ரேன், இல்லாவிட்டால் ஸ்ட்ரோக்’ என்ற கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். தலைவலியே வராமல் ஆரா மட்டும் வந்து போவதுண்டு. ஸ்ட்ரோக்கோடு தலைவலி சேர்ந்து வருவதும் உண்டு.

தீர்ப்பைத் தீர்மானிக்கும் விஷயம் ஒன்றே ஒன்று. அறிகுறி எவ்வளவு வேகத்தில் வந்தது?

ஆரா என்பது மூளையின் மேற்பரப்பில் ஊர்ந்து செல்லும் ஓர் அலை. நரம்பணுக்களை முதலில் கிளறிவிட்டு, பிறகு கொஞ்ச நேரம் அடக்கிப்போட்டு, நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் நகர்கிறது. பிரேசில் நாட்டு ஆய்வாளர் லியாவோ முயலின் மூளையில் இப்படி ஓர் அலையைப் பதிவு செய்து 1944-இல் வெளியிட்டார். இவ்வளவு மெதுவாக ஊர்வதால்தான் ஆராவின் அறிகுறி குறைந்தது ஐந்து நிமிடமாவது எடுத்துப் பரவுகிறது. ஒன்று முடியும் தறுவாயில் அடுத்தது தொடங்கும். ஒவ்வொன்றும் 5 முதல் 60 நிமிடம் வரை இருக்கும். மூளையில் கைக்கான இடமும் முகத்துக்கான இடமும் அடுத்தடுத்து இருப்பதால், விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் தொடங்கி, மணிக்கட்டு, முழங்கை என்று ஏறி, தோளையும் மார்பையும் விட்டுவிட்டு உதட்டுக்கும் நாக்குக்கும் தாவும். இந்தப் பாதையை ஒருவர் தானாகவே விவரித்தால் மைக்ரேன் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்.

டிஐஏவில் நடப்பது வேறு. ரத்தக்குழாயில் ஒரு ரத்தக்கட்டி வந்து அடைக்கிறது. அந்தக் குழாயை நம்பியிருக்கும் பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் பட்டினி. முகம், கை, பேச்சு என்று எது போனாலும் சில நொடிகளில், சேர்ந்தே, முழு அளவில் போய்விடும். மைக்ரேன் ஏற்காட்டு மலைப்பாதையில் வளைவு வளைவாக ஏறும் பஸ் என்றால், டிஐஏ ஃபியூஸ் போன வீடு.

இதைக் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ‘திடீர்னு வந்துச்சா?’ என்று கேட்கவே கூடாது. எந்த வலிக்கும் எல்லோரும் ‘ஆமாம், திடீர்னுதான்’ என்பார்கள். “அப்பா, அப்போ என்ன பண்ணிட்டு இருந்தீங்க? முதல்ல எது மரத்துச்சு, விரலா, மொத்தக் கையுமா? உதட்டுக்கு எப்போ வந்துச்சு?” என்று துண்டு துண்டாகக் கேட்க வேண்டும். “டம்ளரைப் பிடிச்சிருந்தேன், நழுவிடுச்சு, அப்பவே வாயும் குழறுச்சு” என்றால் வேறு கேள்வி வேண்டாம், கிளம்பிவிடுங்கள். “பேப்பர் படிக்கும்போது ஒரு எழுத்து தெரியல, அப்புறம் அந்த ஓட்டை பெருசாச்சு, கால் மணி கழிச்சு விரல் குறுகுறுத்துச்சு” என்றால் அது ஊர்ந்து வந்திருக்கிறது.

அடுத்த துப்பு, இல்லாதது தோன்றியதா, இருந்தது போனதா என்பது. மைக்ரேனில் பெரும்பாலும் இல்லாதது தோன்றும்: மின்னல் கீற்று, பொறி, கோட்டைச் சுவர்போல் மடிந்து மடிந்து மினுங்கும் கோடு, குறுகுறுப்பு. டிஐஏவில் இருந்தது போகும்: பார்வை, பலம், உணர்ச்சி, சொல். கண் விஷயத்தில் இன்னொரு சோதனையும் செய்யலாம். மறைப்பு இருக்கும்போதே ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் கோளாறு தெரிந்தால் அது மூளையிலிருந்து வருகிறது, ஆராவில் இப்படித்தான் இருக்கும். ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கியதுபோல் இருட்டினால் அந்தக் கண்ணுக்குப் போகும் ரத்தக்குழாய் மேல் சந்தேகம் வர வேண்டும். கழுத்துத் தமனியில் அடைப்பு இருப்பவர்களுக்கு இது முன்னெச்சரிக்கையாக வருவதுண்டு.

வயதையும் சும்மா விடக்கூடாது. இருபது வருடமாக மாதமொரு முறை இதே வரிசையில் வந்து போகிறவருக்கு இன்றும் அதேதான் என்றால் நம்பலாம். ஐம்பது வயதுக்கு மேல் வாழ்க்கையில் முதல்முறையாக ‘ஆரா’ வந்தால், ஸ்கேன் பார்க்கும்வரை அதை ஆரா என்று யாரும் சொல்ல வேண்டாம். பழைய மைக்ரேன்காரருக்கும் பாதுகாப்பு ஒன்றுமில்லை. வழக்கத்துக்கு மாறாகக் கை தொய்ந்தாலோ, அறிகுறி ஒரு மணி நேரத்தைத் தாண்டினாலோ அது புதுக் கதை. ஆரா வரும் பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் ஸ்ட்ரோக் அபாயம் கூடுகிறது. புகையும் சேர்ந்தால் இன்னும் கூடும்.

வேகக் கணக்கு கைவிடும் இடங்களும் உண்டு. தூங்கி எழும்போதே கை வரவில்லை என்றால் எப்படி வந்தது என்று யாருக்குத் தெரியும்? கடைசியாக அவர் நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்தைத்தான் தொடக்கமாகக் கொள்ள வேண்டும். கை கால் இழுத்துக்கொள்ளும் ஒருவகை மைக்ரேன் இருக்கிறது. அதை முதல்முறை பார்த்து மருத்துவரே உடனே பிரித்துவிட முடியாது, வீட்டில் இருப்பவர் முயலவே வேண்டாம். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தவருக்குச் சர்க்கரை இறங்கினாலும் ஸ்ட்ரோக் போலவே இருக்கும். குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டி, நினைவும் இருந்து, விழுங்கவும் முடிந்தால் குளுக்கோஸ் கொடுக்கலாம். அது மட்டும்தான் வாய்வழி கொடுக்கத் தக்கது.

ஏற்காட்டு மலைக்காரர்களுக்கும் சுற்றுலா வருகிறவர்களுக்கும் இன்னொரு குழப்பம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இறங்கினால் வாந்தியும் தலைசுற்றலும் சகஜம், மைக்ரேன் உள்ளவர்களுக்கு இன்னும் சகஜம். ஆனால் பின்மூளையில் வரும் ஸ்ட்ரோக்கும் பல நேரம் வாந்தி, தலைசுற்றல் என்றுதான் தொடங்கும், வாய் கோணாமலும் கை தொய்யாமலும் இருக்கலாம். வண்டியை நிறுத்தி இறங்கி நின்றபின் பயண மயக்கம் படிப்படியாக அடங்கும். பிடிக்காமல் நிற்கவே முடியவில்லை, ஒன்று இரண்டாகத் தெரிகிறது, விழுங்கும்போது புரையேறுகிறது என்றால் அது வளைவின் வேலை அல்ல.

இரண்டிலும் சேராத சிலவற்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் உச்சம் தொடும், வாழ்நாளில் காணாத தலைவலி மூளையைச் சுற்றி ரத்தம் கசிவதாக இருக்கலாம். சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தை நெட்டி முறித்த அடுத்த நாட்களில் கழுத்துவலியோடு தலைவலியும் தள்ளாட்டமும் வந்தால், கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். இளவயதுக்காரர்களின் ஸ்ட்ரோக்குக்கு இது ஒரு முக்கியக் காரணம். (நெட்டி முறிப்பதை வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது.) பிள்ளை பெற்ற ஆறு வாரத்துக்குள் நாளுக்கு நாள் ஏறும் தலைவலியும் வலிப்பும் வந்தால் மூளையின் சிரையில் ரத்தம் உறைந்திருக்கக்கூடும். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் தராமல் வைக்கும் வழக்கம் இதற்குத் துணைபோகிறது.

சரி, சந்தேகம் வந்துவிட்டது. இனி கடிகாரம்தான். அடைப்பால் வந்த ஸ்ட்ரோக்குக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி, தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாய் அடைப்பில் கம்பி விட்டுக் கட்டியை எடுக்கும் சிகிச்சைக்கு, பொருத்தமானவர்களுக்கு, 24 மணி நேரம் வரை இடமுண்டு. ஆனாலும் தாமதமான ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை இருக்கிறது. ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர், ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எஸ்டேட்டிலிருந்தோ நாகலூர்ப் பக்கத்திலிருந்தோ ஏற்காட்டுக்கு வருவது தனி. ஆஸ்பத்திரியில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று இன்னொரு முக்கால் மணி. கோடை விழா நெரிசல், மழைக்கால மண்சரிவு இருந்தால் இன்னும் கூடும். ‘ஒரு தூக்கம் போட்டுப் பார்ப்போம்’ என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. 108-ஐ அழைத்து ‘மயக்கம்’, ‘முடியல’ என்று சொல்லாமல், ‘ஸ்ட்ரோக் சந்தேகம், இத்தனை மணிக்கு ஆரம்பிச்சது’ என்று சொல்லுங்கள். சிடி ஸ்கேன் இல்லாத இடத்தில் நேரம் கழிக்க வேண்டாம். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தனியாரிடம் போவதானால், சிடி இரவிலும் இயங்குமா என்று போனிலேயே கேட்டுவிட்டுப் போங்கள்.

வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். அடைப்பா கசிவா என்பது சிடி பார்க்காமல் யாருக்கும் தெரியாது, கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் கெடுதல். பிபி ஏறியிருக்கிறது என்று நாக்கின் அடியில் மாத்திரை வைப்பதும் தப்பு. அடைபட்ட குழாயைத் தாண்டி ரத்தம் போக அந்த அழுத்தம்தான் அப்போது உதவிக்கொண்டிருக்கிறது. தண்ணீர், காபி எதுவும் வேண்டாம், புரையேறும். மைக்ரேன் மாத்திரைகளில் எர்காட்டமின், டிரிப்டான் வகைகள் ரத்தக்குழாயைச் சுருக்குபவை, சந்தேகம் இருக்கும்போது அவற்றைத் தொடக்கூடாது. விரல் நுனியை ஊசியால் குத்தச் சொல்லும் வாட்ஸ்ஆப் வைத்தியத்தையும் புறா ரத்தத்தையும் பற்றி எழுதுவதே வீண், ஆனால் அதில் ஒரு மணி நேரம் போகிறது.

எல்லாம் சரியாகிவிட்டது, இனி எதற்குப் போக வேண்டும் என்பார்கள். டிஐஏவுக்குப் பின் வரும் பெரிய ஸ்ட்ரோக்குகளில் கணிசமானவை முதல் இரண்டு நாட்களுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. அதனால் அன்றே போக வேண்டும். சாதா சிடி சரியாக இருப்பதால் டிஐஏ இல்லை என்று ஆகாது. டிஃப்யூஷன் எம்ஆர்ஐ என்னும் நுணுக்கமான ஸ்கேனில், அறிகுறி முற்றிலும் மறைந்தவர்களிலும் சுமார் மூன்றில் ஒருவருக்கு மூளையில் புதிய பாதிப்பு தெரிகிறது. இசிஜி, கழுத்துத் தமனி ஸ்கேன் ஆகியவற்றையும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கசிவு இல்லை என்று உறுதியானபின், அபாயம் கூடியவர்களுக்கு, ரத்தக்கட்டி சேராமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்துப் பெரும்பாலும் 21 நாட்கள் தருவார்கள், பிறகு ஒன்று மட்டும்.

ஆஸ்பத்திரி சேரும்போது அறிகுறி மறைந்திருக்கும் என்பதால், அது இருக்கும்போதே போனில் வீடியோ எடுங்கள். பல்லைக் காட்டச் சொல்லுங்கள். கண்ணை மூடி, உள்ளங்கை மேலே பார்க்க இரு கைகளையும் நீட்டி, பத்து எண்ணும்வரை பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு கை உள்பக்கம் திரும்பி இறங்குகிறதா என்று கேமரா பார்க்கட்டும். பிறகு வீட்டில் இருப்பவர்களின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். வாழைப்பழத்தில் வழுக்கி விழுந்த கிழவன் கதையை ஒப்பிக்கச் சொல்ல வேண்டாம், அதில் நல்லவருக்கே நாக்கு பிறழும். கடைசியாக நன்றாக இருந்த நேரம், சாப்பிடும் மாத்திரைகள், குறிப்பாக ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, குளுக்கோமீட்டர் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, கூட வருபவரின் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள்.