வங்கியில் ஐ.ரி வேலை என்று கூப்பிட்டால், கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் பாருங்கோ

யாழ்ப்பாணத்தில் ஐ.ரி படித்துவிட்டு வேலை தேடுகிற தம்பி தங்கச்சிமாருக்கு இது. "வங்கியில் வேலை, வீட்டிலிருந்தே போய்வரலாம், மாதம் 85,000" என்று ஒரு கொழும்புக் கம்பனி ஆள் எடுக்கிறது. பெயர் போடவில்லை, விசாரணை நடக்கிறது. நான் அங்கே ஒரு வருடத்துக்கு மேல் நின்றவன்.

வேலை வங்கியில்தான், சம்பளம் தருவது வங்கி இல்லை. ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று வங்கி கம்பனிக்குக் கொடுக்கும். கம்பனி தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எங்களுக்குத் தரும். அதை நான் பிழை சொல்லவில்லை, எல்லா இடமும் நடக்கிறதுதான். வில்லங்கம் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில். அங்கே நீங்கள் ஊழியர் இல்லை, "சுயாதீன ஒப்பந்தகாரர்". வங்கி பில்லைத் தீர்த்த பிறகுதான் உங்களுக்குக் காசு. அது இரண்டு மாதம், சிலவேளை மூன்று மாதம் இழுபடும். கேட்டால், "தம்பி, வங்கி இன்னும் போடேல்லை, நாங்கள் என்ன செய்யிறது?"

சுயாதீனம் என்றால் நேரமாவது என் கையில் இருக்க வேண்டுமே! காலை எட்டரைக்கு ஆஸ்பத்திரி வீதிக் கிளையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு நாளும் காவலாளியின் கொப்பியில் விசிட்டர் என்று கையெழுத்து. லீவுக்குக் கம்பனி மனேஜரிடம் கெஞ்ச வேண்டும். மாதக் கடைசியில் டே-எண்ட் (வங்கிக் கணினியில் அன்றைய கணக்கை முடிக்கிற வேலை) சிக்கினால், கிளை திறக்க முதல் சரிவரும்வரை இருந்தாக வேண்டும். டிசம்பர் 31 இரவு வங்கி ஆட்களுக்குக் கொத்து ரொட்டிப் பார்சல் வந்தது; லிஸ்டில் எங்கள் பெயர் இல்லை. ஊர்காவற்துறையிலோ பருத்தித்துறையிலோ ஏ.ரி.எம் லைன் போனால் சொந்த மோட்டார் சைக்கிள், சொந்தப் பெற்றோல். பில் கொடுத்தால் கொடுத்ததுதான். ஓ.ரி (மேலதிக நேரக் காசு) கேட்டதற்கு வந்த பதில்: "கொன்ட்ராக்டருக்கு ஏது ஓ.ரி?"

இன்னொருவர் சொல்லும் நேரத்தில், சொல்லும் இடத்தில், சொல்லும் வேலையைச் செய்தால் கடிதத்தில் என்ன பெயர் வைத்தாலும் ஊழியர்தான் என்று வாதாட இடமிருக்கிறது. ஊழியர் என்றால் தற்காலிகமோ ஒப்பந்தமோ, முதல் நாளிலிருந்தே ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி) கட்ட வேண்டும். உங்களிடம் பிடிப்பது 8 வீதம், கம்பனி தன் கையால் போடுவது 12 வீதம், அதோடு ஈ.ரி.எப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 வீதம், அதுவும் கம்பனியின் காசுதான். 85,000க்குக் கம்பனியின் பங்கு மட்டும் மாதம் 12,750. அந்தக் காசு எங்கள் ஒருவர் பெயரிலும் போய்ச் சேரவில்லை.

எனக்கு மிகவும் கொதித்தது வரி விசயம். மாதம் மாதம் 5 வீதம், 4,250 ரூபா, "பிடித்துவைத்தல் வரி" என்று வெட்டினார்கள். 2023 ஜனவரியில் வந்த அந்த வரி, சேவைக் கட்டணம் மாதம் ஒரு இலட்சத்தைத் தாண்டினால்தான். 85,000க்கு எப்படி வந்தது? வெட்டியதற்கு வரிச் சான்றிதழ் கேட்டேன். "அக்கவுண்டன்ற் லீவு" என்றார்கள். அந்த மனுசன் இன்னும் லீவிலிருந்து வரவில்லை போல.

விலகியபோது கடைசி இரண்டு மாதக் காசையும் மறித்துவிட்டார்கள். ஒப்படைப்பு முடியவில்லையாம். தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு கொடுத்தேன். விசாரணையில் கம்பனிப் பக்கம் "இவர் எங்கட ஊழியர் இல்லை" என்று நின்றது. நான் வட்ஸ்அப்பில் வந்த ரோஸ்டர்களையும் (யாருக்கு எப்போது வேலை என்ற அட்டவணை), லீவு மறுத்த செய்திகளையும் அச்செடுத்து மேசையில் வைத்தேன். விசிட்டர் கொப்பிப் பக்கங்களையும் திணைக்களம் வங்கியிடம் கேட்டிருக்கிறது.

விசாரணையின் அடுத்த தவணை வருகிற மாதம். அங்கே நின்று காசு வராமல் போன ஆட்கள் இருந்தால், அதற்கு முதல் எனக்குத் தனியாக எழுதுங்கோ. ரோஸ்டரும் சம்பளம் விழுந்த கணக்கு அறிக்கையும் இருந்தால் போதும், கடிதம் தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. என்னுடையதும் அதே கடிதம்தான்.