உறைவிந்து, ஐ.வி.எஃப், குளோனிங்: அருகிவரும் காட்டுப் பூனைகளுக்கு எது?

இனப்பெருக்க மையத்தில் இருக்கும் ஜோடி சேர மறுத்தால் அடுத்து என்ன செய்வது? இந்தக் கேள்வி வந்தபோது எங்கள் குழுவுக்கு மூன்று வழிகள் இருந்தன. ஆணின் விந்தை உறையவைத்துப் பெண்ணுக்குச் செலுத்தலாம் (செயற்கை விந்தூட்டல்). ஆய்வகத்தில் கருவை உருவாக்கி இன்னொரு பெண்ணின் வயிற்றில் வைக்கலாம் (ஐ.வி.எஃப்). இல்லையென்றால் குளோனிங், அதாவது ஒரு விலங்கின் திசுவிலிருந்து அதன் நகலையே உருவாக்குவது. நாங்கள் முதல் வழியில் இறங்கினோம். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

குளோனிங்கைச் சுருக்கமாகவே பார்த்துவிடலாம். 2003-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் உள்ள ஆடுபன் மையத்தில் டிட்டோ என்ற ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை குளோனிங் மூலம் பிறந்தது. சுமந்து பெற்றது ஒரு வீட்டுப் பூனை. 2005-இல் அங்கிருந்த குளோன் பூனைகள் இயல்பாகவே இணைசேர்ந்து குட்டியும் போட்டன, அதனால் குளோன் என்றால் மலடு என்ற பயம் வேண்டாம். ஆனால் உள்ளினச் சேர்க்கையால், அதாவது நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இணைசேர்ந்ததால், நலிந்த ஒரு கூட்டத்துக்குத் தேவை புதிய மரபணுக் கலப்பு. குளோனிங்கோ ஏற்கெனவே இருக்கும் ஒன்றையே திரும்பத் தருகிறது. சந்ததி விடாமல் செத்துப்போன ஒரு விலங்கின் திசு சேமிப்பில் இருந்தால் மட்டும் இதை யோசிக்கலாம்.

ஐ.வி.எஃப் அப்படி ஒதுக்கக்கூடியதல்ல. 1990-இலேயே ஒமாஹா உயிரியல் பூங்காவில் இந்த முறையில் புலிக்குட்டிகள் பிறந்தன. 2020 பிப்ரவரியில் கொலம்பஸ் உயிரியல் பூங்காவில் இரண்டு சிவிங்கிப்புலிக் (சீட்டா) குட்டிகள் பிறந்தன, முட்டை கிபிபி என்ற பெண்ணுடையது, சுமந்தது இஸி. சிவிங்கிப்புலியில் வயதானால் முதலில் கெடுவது கருப்பைதான், முட்டைகள் அதற்குப் பிறகும் நன்றாக இருக்கும். ஆக, ஒரு மூத்த பெண்ணின் மரபு வீணாகாமல் காப்பாற்ற ஐ.வி.எஃப்பை விட்டால் நல்ல வழி இல்லை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

அப்புறம் ஏன் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை? கருப்பைதான் காரணம். எங்கள் முடிவு முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் நின்றது.

அருகிவரும் இனத்தில் எது பற்றாக்குறை என்று கேட்டால் எல்லோரும் விலங்குகள் என்பார்கள். இன்னும் கூர்ந்து பார்த்தால், ஆரோக்கியமான, குட்டி போடும் வயதில் இருக்கும் பெண்கள்தான் பற்றாக்குறை. ஐ.வி.எஃப்புக்கு அப்படிப்பட்ட ஒரு பெண்ணை வாடகைத் தாயாக ஒதுக்க வேண்டும். கருவின் வயதோடு அவளுடைய கருப்பையும் ஒத்துப்போகும்படி ஹார்மோன் கொடுக்க வேண்டும், மயக்க மருந்து கொடுத்துக் கருவை உள்ளே வைக்க வேண்டும். ஒட்டினால், அந்தக் காலம் முழுக்க அவள் இன்னொருத்தியின் குட்டியைச் சுமக்கிறாள். அவளுடைய சொந்த மரபுக்கு அந்த வாய்ப்பு போய்விடுகிறது. ஒட்டாவிட்டாலும் அந்தச் சுற்று போனதுதான். குளோனிங்கில் பெரும்பாலான கருக்கள் தங்காததால் இந்தச் செலவு இன்னும் பல மடங்கு. சிறு பூனைகளுக்கு மட்டும் ஒரு மாற்று உண்டு: 2012-இல் ஆடுபனில் ஒரு வீட்டுப் பூனை கருங்கால் பூனைக் குட்டியை ஈன்றது. புலிக்கோ சிறுத்தைக்கோ வீட்டுப் பூனையால் உதவ முடியாது.

செயற்கை விந்தூட்டலில் தாயாகப் போகிறவளே முட்டையும் தருகிறாள். வேறொரு பெண்ணைக் கடன் வாங்க வேண்டியதில்லை. பயணம் போவதும் விந்து மட்டும்தான். கூண்டில் அடைத்து விலங்கையே ஊர்விட்டு ஊர் கொண்டுபோகும் மன உளைச்சல் மிச்சம். படைச்சிறுத்தை (clouded leopard) விஷயத்தில் இது உயிர்ப் பிரச்சினை: சிறைப்பட்ட ஆண், கூட விடப்படும் பெண்ணைக் கடித்துக் கொன்றுவிடுவது அந்த இனத்தில் அடிக்கடி நடக்கிறது. 2017 மார்ச்சில் நாஷ்வில் உயிரியல் பூங்காவில் உறைவிந்தால் முதல் படைச்சிறுத்தைக் குட்டி பிறந்தது. தந்தை இருந்தது நாட்டின் மறுகோடியில், டகோமாவில். தாயும் தந்தையும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை.

இந்த வழியும் சுலபம் என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலான பூனையினங்களில் இணைசேர்ந்தால்தான் முட்டை வெளிவரும், எனவே ஊசி மூலம் ஹார்மோன் கொடுத்து அதை வரவழைக்க வேண்டியிருக்கிறது. அதே ஹார்மோனைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் உடல் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடும். மயக்க மருந்து முந்திக்கொண்டால் முட்டை வெளிவருவதே நின்றுவிடலாம். போதாக்குறைக்கு, சிவிங்கிப்புலி போன்ற இனங்களில் விந்தணுக்களில் பெரும்பகுதி வடிவம் கெட்டவை, உறையவைத்து உருக்கினால் இன்னும் குறையும். லேப்ராஸ்கோப் (சிறு துளை வழியாக வயிற்றுக்குள் விடும் கேமரா குழாய்) வழியாக நேராகக் கருக்குழாயிலேயே விந்தை வைக்கும் முறை வந்த பிறகு நிலைமை தேறியது, கொஞ்சம் விந்தணுக்களே போதும். 2011-இல் சின்சினாட்டியில் பல்லாஸ் பூனைக் குட்டிகள் இப்படித்தான் பிறந்தன.

என் அனுபவம் பெரும்பாலும் சிறு, நடுத்தரப் பூனைகளோடுதான், பெரும்பூனைகளைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். 2019-இல் பிரேசிலில் விந்தூட்டலால் பிறந்த முதல் ஜாகுவார் குட்டியை இரண்டே நாளில் தாயே தின்றுவிட்டது. பிறந்த பிறகு குட்டி பிழைப்பது எந்த வழியிலும் தனிப் பாடு. லின்க்ஸ் என்ற நடுத்தரக் காட்டுப் பூனைகளில் பெரும்பாலான வகைகளுக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு சினைப் பருவம், ஹார்மோன் அட்டவணை அங்கே அப்படியே பொருந்தாது. நல்லவேளை, ஐபீரிய லின்க்ஸ் இயல்பாகவே இணைசேர்ந்தது. அதன் எண்ணிக்கை 2002-இல் நூற்றுக்கும் கீழே இருந்தது, வாழிடமும் இரை முயலும் மீண்டதும் 2,000-ஐத் தாண்டியது. இணைசேரும் ஜோடியை விட்டுவிடுங்கள், மூன்று வழியும் அங்கே தேவையில்லை.

இப்போது தொடங்குபவர்கள் திரவ நைட்ரஜன் தொட்டியை முதலில் வாங்குங்கள், அதை வாரம் தவறாமல் நிரப்ப ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஆண் செத்துவிட்டாலும் சில மணி நேரத்துக்குள் விரையை எடுத்தால் விந்தணு கிடைக்கும். பின்னாளில் ஐ.வி.எஃப் பக்கம் போனாலும் அதே விந்துதான் வேண்டும்.