வசதி மையமா, வீடு தேடிப் போகும் குழுவா: வடசென்னையில் முன்கூட்டிய வாக்குக்கு ஆள் பிரிப்பது

தேர்தல் நாளுக்கு முன்பே வாக்களிக்கும் வழி இங்கே எல்லோருக்கும் இல்லை. தேர்தல் பணிக்குப் போகிறவர்கள் பயிற்சி நடக்கும் இடத்தில் உள்ள வசதி மையத்தில் போடுகிறார்கள். 85 வயது தாண்டியவர்களும், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளும், தேர்தல் அறிவிக்கை வந்த 5 நாளுக்குள் தபால் வாக்குக் கேட்கும் படிவம் 12டி கொடுத்திருந்தால் வீட்டிலேயே போடலாம். இரண்டுமே தபால் வாக்குதான். ஆனால் இடறும் இடம் வேறு வேறு.

மையத்தில் இடறுவது கூட்டம். பயிற்சி முடிந்ததும் 300 பேர் ஒரே நேரத்தில் எழுந்து வருவார்கள். அடையாளம் பார்த்து, வாக்காளரின் உறுதிமொழியான படிவம் 13ஏ-யில் கையெழுத்து வாங்கிச் சான்றொப்பமிட ஒருவருக்கு 4 நிமிடம் என்றால் ஒரு மேசையில் மணிக்கு 15 பேர். 5 மேசை போட்டாலும் 4 மணி நேரம் ஆகும். அங்கே பெரும்பாலும் தட்டுப்பாடாவது நாற்காலியோ பேனாவோ இல்லை, சான்றொப்பமிடும் கெஜட்டட் அலுவலர்தான். ஒருவரை மட்டும் உட்கார வைத்தால், மேசை எத்தனை போட்டும் பயனில்லை. பயிற்சி வகுப்புகளை அரை மணி இடைவெளி விட்டு முடிப்பது ஆள் கூட்டுவதைவிட நல்ல வழி.

உறை மாறுவது அடுத்த ஆபத்து. வாக்குச்சீட்டு மட்டும் 13பி என்ற உள் உறைக்குள். அந்த உறையும் 13ஏ-யும் சேர்ந்து 13சி என்ற வெளி உறைக்குள். 13ஏ உள் உறைக்குள் போய்விட்டாலோ, 13ஏ-யிலுள்ள சீட்டு எண் 13பி மேலுள்ள எண்ணோடு ஒத்துப்போகாவிட்டாலோ, எண்ணிக்கையின்போது உள் உறையைத் திறக்காமலே தள்ளிவிடுவார்கள். உறையைப் போடும் பெட்டிக்கு முன்னால் இதைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். சீட்டைப் பார்க்க அவருக்கு உரிமை இல்லை. வெளியே தெரிவதை மட்டும் பார்க்கலாம்.

வீட்டு வாக்கில் கூட்டம் இல்லை, வழிதான் சிக்கல். இரண்டு வாக்குப்பதிவு அலுவலர்கள், வீடியோகிராபர், காவலர், நுண் பார்வையாளர் என ஒரு வண்டி நிறைய ஆள். வீட்டில் 20 நிமிடம், நகர 10 நிமிடம் என்றால் கணக்குப்படி 8 மணி நேரத்தில் 16 வீடு. வடசென்னையில் 12-க்கு மேல் போடாதீர்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால், எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரி நின்றால், கணக்கு கவிழும். லிப்ட் இல்லாத குடியிருப்பில் மூன்றாம் மாடி ஏற வேண்டியிருக்கும். பழைய எண், புதிய எண் குழப்பம் தனி. அந்த வீடு உள்ள வாக்காளர் பட்டியல் பாகத்தின் வாக்குச்சாவடி நிலை அலுவலர் முந்தின நாளே வீட்டைப் பார்த்து, நேரத்தையும் சொல்லிவிட்டு வரட்டும். மறைப்பு அட்டையை மறக்காதீர்கள். வீட்டுக்கூடத்தில் உறவினர் சூழ்ந்து நின்றால் ரகசியம் போய்விடும்.

ஆள் பற்றாக்குறை என்றால் எங்கே குறைப்பது? மையத்தில் குறையுங்கள். அங்கே வரிசை நீண்டாலும், மையம் திறந்திருக்கும் இன்னொரு நாளில் வந்து போட முடியும். வீட்டு வாக்கு அப்படியில்லை. 12டி ஏற்கப்பட்டவரின் பெயருக்கு எதிரே பட்டியலில் தபால் வாக்குக் குறி விழுந்துவிடும். அவர் சாவடிக்குப் போனாலும் வாக்களிக்க முடியாது. முதல் முறை அவர் வீட்டில் இல்லையென்றால் இரண்டாம் முறை போகலாம், அவ்வளவுதான். ஆகவே தெரு தெரிந்த, பொறுமையான அலுவலர்களை வீட்டுக் குழுவுக்குக் கொடுங்கள். இரண்டாம் முறைக்கென்று கடைசியில் ஒரு முழு நாளைக் காலியாக வைத்து, அதற்கும் வண்டியை முன்பே பேசி வையுங்கள்.