டர்பனில் ரத்தக்குழாய் கிளினிக்: மாமாவின் காலுக்காகப் போனது

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து மாமாவை அழைத்துப்போன தனியார் கிளினிக், பெயர் வேண்டாம். பரிசோதனை பிரமாதம். கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை கட்டி, ரத்த ஓட்டத்தை ஒலியாகக் காட்டும் டாப்ளர் கருவியை வைத்துக் கேட்டு, கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுக்கிறார்கள், 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் காலுக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை என்று பொருள். ஆனால் மாமா மாதிரி பல வருடச் சர்க்கரைக்காரர்களுக்குக் குழாய் சுண்ணாம்பு படிந்து இறுகிப்போய் பொய்யாக நல்ல எண் வரலாம், அதனால் கால் கட்டை விரலிலும் குட்டிப் பட்டை சுற்றி அளந்தார்கள். இதை எல்லா இடத்திலும் செய்வதில்லை.

2020 மார்ச் கடைசியில் லாக்டவுன் வந்து அவசரமில்லாத ஆபரேஷன்கள் தள்ளிப்போனபோது, கொரோனா பயத்தில் மாமா கால் வலியோடு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தக் கிருமியே ரத்தத்தை உறைய வைக்கும் என்பது வேறு விஷயம். இவ்வளவு தாமதமாக வந்ததற்கு டாக்டர் திட்டவில்லை, பொறுமையாக விளக்கினார்.

குறை? வரவேற்பில் முகம் கொடுத்தே பேசவில்லை, நேரம் குறித்துக் கொடுத்தும் காக்க வைத்தார்கள், பில்லும் கொஞ்சம் சூடுதான். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு மாதிரி) எவ்வளவு தரும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்துக்கு நான்கு.