போர்வோவா, தோர்னியோவா: பின்லாந்தின் இரண்டு ஆற்றங்கரை ஊர்கள்

போர்வோ ஹெல்சிங்கிக்குக் கிழக்கே சுமார் 50 கி.மீ.; பேருந்தில் ஒரு மணி நேரம். காலையில் போய் மாலையில் திரும்பலாம். தோர்னியோ வெகு வடக்கே, போத்னியா வளைகுடாவின் வடமுனையில், ஸ்வீடன் எல்லையிலேயே இருக்கிறது. அங்கே ஓர் இரவாவது தங்க வேண்டும்.

போர்வோவின் அழகு கட்டடங்களில்: ஆற்றோரம் செங்காவி பூசிய மரக் கிடங்குகள், மேட்டில் பேராலயம். 1760-இல் தீ ஊரின் பெரும்பகுதியை விழுங்கியும், பழைய வளைந்த தெருக்கள் அப்படியே மிஞ்சின. 1809-இல், பின்லாந்தை ஸ்வீடனிடமிருந்து கைப்பற்றிய ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாந்தர் பின்லாந்தின் மக்கள் அவையைக் கூட்டியது இங்கேதான். உருளைக்கல் தெருக்கள், குதிகால் செருப்பு வேண்டாம்.

தோர்னியோ பார்வைக்குச் சாதாரண ஊர்தான். ஆனால் கதை கனமானது. 1621-இல் ஆற்றுத் தீவு ஒன்றில் எழுந்தது. பின்லாந்தை ஸ்வீடன் ரஷ்யாவுக்கு விட்டுக்கொடுத்த 1809 உடன்படிக்கை ஆற்றின் முதன்மை நீரோட்டத்தை எல்லையாக்கியது. அதன்படி தீவு ஸ்வீடனுக்குப் போயிருக்க வேண்டும். வணிக நகரத்தை ரஷ்யா விடவில்லை, கோடு மேற்கே வளைந்தது. ஊரை இழந்த ஸ்வீடன் எதிரே ஹபராந்தா என்ற ஊரை வளர்த்தது. 1736-37-இல் பூமியின் வடிவத்தை அளக்க வந்த பிரெஞ்சு அறிஞர் மொப்பர்த்துவியின் குழுவுக்கு இவ்வூர்த் தேவாலயக் கோபுரம் ஓர் அளவைப்புள்ளி.

இங்கே பலர் தடுக்குவது கடிகாரத்தில். ஹபராந்தா ஒரு மணி நேரம் பின்தங்கியது; எல்லையில் கைபேசி தானே ஸ்வீடன் நேரத்துக்கு மாறிக்கொள்ளும், அதை நம்பினால் தோர்னியோவில் பேருந்து போய்விடும். அங்கே பணமும் குரோனா, யூரோ அல்ல.

ஒரே நாள்தான் என்றால் போர்வோ. வரைபடத்தை விரித்துவைத்து ரசிப்பவருக்குத் தோர்னியோ.