26 மில்லிமீற்றர் கொப்பி காபரேற்றர்: நுவரெலியாவில் சரிவருமா?

பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது காபரேற்றர்; இது அசலைப் பார்த்துச் செய்த கொப்பி. விலைக்குப் பழுதில்லை. ஆனால் பெட்டியில் வந்தபடியே பூட்டினால் கறுப்புப் புகைதான். 1,868 மீற்றர் உயரத்தில் காற்றடர்த்தி ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவு. கலவையில் பெற்றோல் மிஞ்சிவிடும். மெயின் ஜெட் (பெற்றோல் பாயும் துளையுள்ள சிறு துண்டு; எண் குறைந்தால் பெற்றோலும் குறையும்) 110 என்றால் முதலில் 105, பிறகு 102.5 என இறக்கிப் பாருங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: கரி படிந்தால் இன்னும் இறக்கலாம், வெளுத்தால் ஒரு படி ஏற்றவேண்டும். அடிக்கடி கண்டிக்கு இறங்குபவர்கள் 105இலேயே நிற்பது நல்லது; 102.5 என்றால் கண்டியில் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். எயார் ஸ்குரூவை (மெதுவோட்டக் கலவையைச் சரிசெய்யும் திருகு) மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து தொடங்குங்கள்.

வார்ப்பில்தான் கஞ்சத்தனம். துளைகளில் உலோகத்தூள் கிடக்கிறது, பூட்டுமுன் பெற்றோலில் கழுவி ஊதுங்கள். மிதவைக் கிண்ண (அடியில் பெற்றோல் நிற்கும் கிண்ணம்) ஸ்குரூக்களோ வெண்ணெய்! இரண்டு தரம் கழற்றினாலே தலை தேயும். அதே அளவில் அலன் ஸ்குரூ (தலையில் அறுகோணக் குழி உள்ளது) போடுங்கள்.